பைக்கில் விழுந்தவர்கள்

நான் மூன்று முறை பைக்கிலிருந்து விழுந்திருக்கிறேன். எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் பைக்கும் இல்லை. பொன்னேரிக்கு அந்தப் பக்கமிருக்கும் எங்கள் ஊரிலிருந்து ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு கம்பி மில்லுக்குப் போகிறவன் நான்.

முதல் முறை 'விழுந்தபோது' இடது கைச் சுண்டுவிரல் போனது. உண்மையில் அது போனது கம்பியை நசுக்கி நீட்டுகிற உருளைகளுக்கு நடுவில். இரண்டாவது முறை, பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் மாறி வெளியே வந்து என் தொடையைத் தொட்டுவிட்டுப் போனது. தொட்டதுதான், பேன்ட்டும் தோலும் சேர்ந்தே உரிந்து வந்தன. மூன்றாவது முறை நெற்றி. ஒவ்வொரு முறையும் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பி, "கேட்டா இன்னா சொல்லுவ?" என்பார். "பைக்குல வுந்துட்டேன்னு சொல்றேன் சார்" என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொல்வார்.

மில்லில் அடிபட்டது என்று எழுதினால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் காண்டிராக்டர் முதலில் நிறுத்துவது அடிபட்டவனைத்தான். அதனால் எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் விரல் போனவன், கண் போனவன், காலில் உருகிய இரும்பு தெறித்தவன் எல்லோருமே பைக்கில் விழுந்தவர்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எழுதி வைத்திருப்பதை வெளியூர்க்காரன் ஒருவன் படித்தால், இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஒழுங்காக வண்டி ஓட்டத் தெரியாது என்றுதான் நினைப்பான். என் மனைவி நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு, "இத்தினி வாட்டி வுந்திருக்கியே, ஒரு வண்டிய வாங்கினு வுழக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்கிறாள் என்றால் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

வழக்கு நடந்துகொண்டிருப்பதால் யார் பெயரையும் எழுதக் கூடாது என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எந்த ஸ்டேஷன் என்றும் எழுதப் போவதில்லை. பெயரில்லாமலே சொல்ல முடிகிற கதைதான் இது.

மில்லில் எனக்கு எதிரே நின்றவன் ஒடிசாக்காரன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன், ஊரில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும். உருளையிலிருந்து பாய்ந்து வரும் கம்பியின் வாயை அவன் அந்தப் பக்கம் இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுப்பான். அது திரும்பி வரும்போது நான் இந்தப் பக்கம் பிடிப்பேன். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. வாய் அசைவும் கண்ணும்தான் பேச்சு. நான் ஒரு முறை கண்ணை அழுத்தி மூடித் திறந்தால், பிடித்திருப்பதை விட்டுவிடு, பின்னால் போ என்று பொருள். அவன் உயிர் என் கண்ணிலும் என் உயிர் அவன் கண்ணிலும் இருந்தன. மில்லில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை, வேலை அப்படி.

ஒரு நாள் அவன் பாதம் வெந்துபோனது. வேனில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் அவனுக்குப் பாடம் நடத்தினேன். "பைக்குல வுந்துட்டேன் சார். சொல்லு." அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பைகுல உண்டுட்டேன் சார்" என்றான். சூப்பர்வைசர்கூடச் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அச்சு அசலாகச் சொல்லக் கற்றுக்கொண்டான். அவன் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான். பிறகு கேன்டீனில் அவன் குழம்பைக் கொட்டினால்கூட எல்லோரும், "இன்னாடா, பைக்குல வுந்துட்டியா?" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்புறம் மில்லில் கிரேனுக்குப் போகும் காப்பர் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பெனி புகார் கொடுத்தது. போலீசுக்கு ஆள் வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் குடிதண்ணீர் டிரம்மில் செத்த பல்லி கிடந்ததற்காக மேனேஜரிடம் எகிறியிருந்தேன், அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஒடிசாக்காரன் மில் வளாகத்துக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தான். அவனை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு அது போதும். கேட்க ஆளில்லாதவன் என்பது அதைவிட நல்ல காரணம்.

காலையில் கும்மிடிப்பூண்டியில் ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்ததும் மஃப்டியில் இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சின்ன விசாரணை. வந்துட்டு போய்டு."

"எதுக்கு சார்?" என்றேன்.

கன்னத்தில் விழுந்தது. ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்த பத்திருபது பேர் பார்த்தார்கள். அதில் தினமும் என்னோடு வருகிறவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. போலீஸ் ஒருவனை அறைந்தால், அவன் என்ன செய்தான் என்றுதான் நாம் எல்லோருமே முதலில் யோசிக்கிறோம். எதற்காக என்று கேட்டது என் உரிமை என்பது எனக்கே அப்போது தெரியாது.

ஸ்டேஷனில் சட்டை பேன்ட்டைக் கழற்றச் சொல்லி, ஜட்டியோடு தரையில் உட்கார வைத்தார்கள். எதிரே சுவரில் பெரிய போர்டு. கைது செய்யப்படுபவரின் உரிமைகள் என்று தலைப்பு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். எழுத்துப் பிழை இல்லாமல் நன்றாகவே எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஆணியில் லத்திகள் மாட்டியிருந்தன. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அந்த போர்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போதும் எனக்கு அது மனப்பாடம்.

எஸ்.ஐ. என்னைவிடச் சின்னவர். முதலில் டீ வாங்கிக் கொடுத்தார். "காப்பர் எங்க இருக்குன்னு சொல்லிட்டா, டீ குடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்." எனக்குத் தெரியாது என்றேன். டீ கிளாசை வாங்கி ஜன்னலில் வைத்தார். கேமரா இல்லாத பின்னறைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

லாடம் கட்டுவது என்று சொல்வார்கள். குப்புறப் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்துகொள்வான், இன்னொருவன் உள்ளங்காலில் அடிப்பான். அடி காலில்தான் விழுகிறது, வலி மண்டையில் வெடிக்கிறது. இடையிடையே எழுப்பிக் குதிக்கச் சொல்வார்கள். வீக்கம் தெரியக் கூடாதாம். நான் குதித்தேன். நாற்பது வயதில், ஜட்டியோடு, அழுதுகொண்டே குதித்தேன். சிறுநீர் போய்விட்டது. அதை என் சட்டையாலேயே துடைக்கச் சொன்னார்கள். பழுத்த கம்பிக்கு எதிரே இத்தனை வருடம் நின்றவன் நான், எனக்குப் பயம் தெரியாது என்று நினைத்திருந்தேன். கம்பிக்கு என்மேல் கோபம் கிடையாது. ஒரு மனிதன் நிதானமாக, கையை மாற்றி மாற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நம்மை அடிக்கும்போது வருகிற பயம் வேறு.

மதியத்துக்கு மேல் அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் முன்னாலேயே அவனைப் பிடித்துவிட்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கண் மூடிப் போயிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும், "அண்ணா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு முதுகில் ஒன்று வாங்கினான்.

எஸ்.ஐ. என் தலைமுடியைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினார். "இவந்தான் எடுத்தான்னு சொல்லு. உன்ன இப்பவே வுட்டுடறேன்."

நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. அந்த நேரத்தில் எப்படியாவது வெளியே போனால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. "நீங்கதான் எடுத்தீங்கன்னு வேணா சொல்றேன் சார். அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்றேன்.

"இன்னா வாய்டா உனக்கு" என்றார் எஸ்.ஐ., கோபமே இல்லாமல். பிறகு என் வலது கையை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பாலம் மாதிரி வைக்கச் சொன்னார். ஒருவன் முழங்கையை மிதித்துக்கொண்டான். லத்தி இறங்கியபோது வந்த சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான், காய்ந்த சவுக்குக் கட்டையை உடைப்பது மாதிரி. என் கை என்று புரிய ஒரு நொடி ஆனது. அவன் கத்தினான். அடிபட்டது எனக்கு, கத்தியது அவன்.

சாயங்காலம் வாசலில் என் மனைவியின் குரல் கேட்டது. ரயிலடியில் பார்த்த யாரோ ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அத்தனை பேரில் அந்த ஒருவருக்காவது நாக்கு இருந்திருக்கிறது.

"உன் புருஷன் இங்க இல்லம்மா" என்றான் வாசலில் இருந்தவன்.

"இல்லன்னா அவரு செருப்பு எப்டி இங்க கீது? நான் வாங்கினது, எனக்குத் தெரியாதா?"

"விசாரணைக்கு வந்தாரு. முடிஞ்சதும் அனுப்பிடுவோம்."

"விசாரணைன்னா நான் இப்போ கூட்டினு போறேன். கைதுன்னா எதுக்குன்னு சொல்லு. ரெண்டுல எது?"

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நிலைமையிலும் எனக்கு ஆச்சரியம். மகளிர் குழுவுக்கு ஒரு முறை வக்கீலம்மா ஒருவர் வந்து பேசினார். சட்டம் கேட்கப் போகவில்லை, டிபன் பாக்ஸ் இலவசமாகத் தருகிறார்கள் என்றுதான் இவள் போனாள். ஒன்றைச் சொன்னால் ஒன்பது எதிர்க்கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு மட்டும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். நான் உள்ளிருந்து அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். வாயில் பூட்ஸ் கால் விழுந்தது, ஒரு பல் உள்ளே போனது. அவளுக்கு அந்தச் சத்தம் போதும். கேட்டுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துகொண்டு அந்த வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். வக்கீலம்மா எஸ்.ஐ.யிடம் ஆள்கொணர்வு மனு, ஐகோர்ட் என்றெல்லாம் பேசியிருக்கிறார்.

அதனால் எனக்கு ஒரு கைது கிடைத்தது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கு இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்ததாக எழுதினார்கள். பின்னறையில் கிடந்த நான் பஸ் ஸ்டாண்டில் எப்படிச் சுற்றினேன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒடிசாக்காரனுக்கு அதுகூட இல்லை. அவனுக்காக யாரும் வாசலில் வந்து உட்காரவில்லை. கைது இல்லை, எழுத்து இல்லை, அவன் அங்கே இருக்கிறான் என்பதே இல்லை. என்னை ஜீப்பில் ஏற்றும்போது பின்னறையிலிருந்து முனகல் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அவன் கத்தினான், அன்று முனகல் மட்டும்தான்.

முதலில் ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் என் கையைப் பார்த்தார். நான் வாய் திறக்கும் முன்பே ஏட்டு சொன்னார்: "பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டான் சார்."

"உங்க பாத்ரூமை ஒரு தடவையாவது கழுவக் கூடாதா ஏட்டு? வாரத்துக்கு ஒருத்தன் வழுக்கறான்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அப்படியே எழுதினார். மாவுக்கட்டுப் போட்டார்கள். கோபம் ஏட்டு மேல் வரவில்லை, அந்த டாக்டர் மேல்தான் வந்தது. தெரியாதவர் இல்லை அவர். கிண்டல் செய்கிற அளவுக்குத் தெரிந்தவர்.

ஏட்டு ஓய்வு பெறுகிற வயதுக்காரர். கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தி நாஷ்டா வாங்கி, இட்லியைப் பிட்டு எனக்கு ஊட்டிவிட்டார். உதடு கிழிந்த இடத்தில் சட்னி படாமல் பார்த்துக்கொண்டார். ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"நைனா, நான் சொல்றத கேளு. கோர்ட்டுல மேடம் கேட்டா யாரும் அடிக்கலன்னு சொல்லு. அந்த ஹிந்திக்காரன சாயங்காலம் ரயிலேத்தி ஊருக்கு அனுப்பிடறோம். நீ எதுனா ஒளறி வச்சேன்னு வையி, அப்பறம் அவன் எங்கன்னு எங்களுக்கே தெரியாது."

"அவன் ஹிந்திக்காரன் இல்ல சார். ஒடியாக்காரன்."

"எவனா இருந்தா இன்னா? நீ வாயத் தொறந்தா அவனுக்குத்தான் பேஜாரு. புரியிதா?"

புரிந்தது. நான் தலையாட்டினேன். பொய் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். அவன் உயிருக்கு ஒரு பொய் பெரிய விலை இல்லை. பொய் சொல்லி எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். என் இரண்டு பக்கமும் போலீஸ். கோர்ட் ஹாலின் கடைசியில் என் மனைவியும் வக்கீலம்மாவும் நின்றார்கள்.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. எனக்கு முன்னால் நின்றவனிடமும் கேட்டார்.

"இல்லீங்கம்மா." எல்லோரும் சொல்கிற பதில்.

பேனாவை எடுத்தவர், என் கட்டைப் பார்த்துவிட்டு, "கை என்னாச்சு?" என்றார்.

நான் பாத்ரூமைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அடிபட்ட கையைக் காட்டி ஒருவர் என்னாச்சு என்று கேட்டால், என் உடம்புக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"பைக்குல வுந்துட்டேன்மா" என்றேன்.

ஏட்டு என் பக்கத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. மாஜிஸ்திரேட் எதிரே இருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா டாக்டர் எழுதியிருக்காரே?"

எஸ்.ஐ. முன்னால் வந்தார். "பதட்டத்துல மாத்தி சொல்றான் மேடம்."

"நான் அவரைக் கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "எந்த பைக்? உங்க பைக்கா?"

"பைக் இல்லம்மா."

"வேற யாரோடது?"

"எனக்கு பைக் ஓட்டத் தெரியாதும்மா."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். எஸ்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார், மாஜிஸ்திரேட் கதவைக் கை காட்டினார். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க" என்றார்.

ஜீப்பில் ஏட்டு சொன்னது காதிலேயே இருந்தது. நான் வாய் திறந்தால் அவன் எங்கே என்று அவர்களுக்கே தெரியாது.

"யாருக்காகப் பயப்படறீங்க?" என்றார். முந்தின நாள் காலையிலிருந்து என்னை யாரும் நீங்க என்று சொல்லவில்லை. நாயே என்றார்கள், பேயே என்றார்கள், அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். அடித்தபோது வந்த அழுகையைவிடப் பெரிய அழுகை அந்த ஒரு 'ங்க'வுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் அழுதேன்.

"பின்னாடி ரூம்ல இன்னொருத்தன் இருக்கான்மா" என்றேன். "அவனுக்கு எழுதவே இல்ல. என்ன ஜெயில்ல போடுங்கம்மா. அவன மொதல்ல வெளிய எடுங்க."

எஸ்.ஐ.யை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றார் எஸ்.ஐ. கண் இமைக்காமல் சொன்னார். மாஜிஸ்திரேட் வக்கீலம்மாவையும் கோர்ட் ஊழியர் ஒருவரையும் அப்போதே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். அவர்கள் திரும்பி வரும்வரை எஸ்.ஐ. இந்த ஹாலைவிட்டு நகரக் கூடாது, போனை மேஜையில் வைக்க வேண்டும் என்றார். எஸ்.ஐ.யின் போன் மேஜைக்கு வந்தது. ஆனால் ஏட்டு வெளியே வராந்தாவில் நின்றார். அவர் கையில் போன் இருந்தது. ஜன்னல் வழியாக அவர் வாய் அசைவதை நான் பார்த்தேன். மில்லில் இத்தனை வருடம் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவன் நான். "சீக்கிரம்" என்றார்.

என் மனைவியும் அவர்களோடு போயிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் முந்துவார்களா, போன் முந்துமா? நான் அவனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். பொய் சொல்லியிருந்தால் ரயிலேறியிருப்பான். அந்த ஏட்டு சொன்னதை நான் நம்பினேனா என்று இப்போது யாராவது கேட்டால், நம்பவில்லை. அப்போது நம்பினேன். இட்லி ஊட்டிய கை அல்லவா.

பின்னறை திறந்து கிடந்ததாம். தரையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். யாரும் இல்லை. ஊழியர் அதையே எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்திருக்கிறார். என் மனைவி மட்டும், "கழுவறதுக்கு இன்னா அவசரம்?" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறாள். அங்கே பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்து, கொடி படர்ந்து குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்கு நடுவில் சாக்கைப் போட்டு மூடி அவனைக் கிடத்தியிருந்தார்கள். சாக்குக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அந்தப் பாதத்தில் வெந்த தழும்பை அவளுக்குத் தெரியும், அவன் எங்கள் வீட்டில் வந்து எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான்.

ஆட்டோ கோர்ட் வாசலுக்கு வந்தது. அவனால் நிற்க முடியவில்லை. மாஜிஸ்திரேட்டே எழுந்து, கைக்குட்டையோடு வாசல்வரை வந்தார். அவன் தலை என் மனைவியின் மடியில் இருந்தது. சேலையெல்லாம் ரத்தம். கால் விரல்கள் வெவ்வேறு பக்கம் திரும்பியிருந்தன. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை எழுதியாக வேண்டும். உயிர் இருந்தது.

மாஜிஸ்திரேட் ஆட்டோவுக்குள் குனிந்தார். "என்னப்பா ஆச்சு உனக்கு?"

அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். சுற்றி நின்ற காக்கிச் சட்டைகளைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட முயன்றான், ஒரு கைதான் மேலே வந்தது. நான் கற்றுக்கொடுத்த தமிழில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான்.

"பைக்குல வுந்துட்டேன் சார்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. இது மில் இல்லடா என்று கத்தியதாக மனைவி சொல்கிறாள். மாவுக்கட்டை ஆட்டோ கம்பியில் ஓங்கி அடித்தேனாம், மறுபடி எலும்பு நகர்ந்துவிட்டது. அவன் என் குரலுக்குத் திரும்பினான். எப்போதும்போல என் கண்ணைத் தேடினான். நான் கண்ணை அழுத்தி மூடித் திறந்தேன். விட்டுவிடு. பின்னால் போ.

அவன் முகம் உடைந்தது. ஒடியாவில் பேச ஆரம்பித்தான். யாருக்கும் புரியவில்லை, மாஜிஸ்திரேட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. மூச்சு தீரும்வரை பேசினான்.

அன்றைக்கே கோர்ட் உத்தரவோடு எங்கள் இருவரையும் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேறு ஸ்டேஷன் போலீஸ் கூட வந்தது. அங்கேயும் ஒரு டாக்டர், அங்கேயும் அதே கேள்வி. எப்படி அடிபட்டது?

என் பக்கத்தில் காக்கிச் சட்டை நின்றது. எத்தனை வருடப் பழக்கம், நாக்கு தானாக 'பை' என்று போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"போலீஸ் அடிச்சாங்க" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "போலிஸ் அடிச்சாங்கோ." டாக்டர் அதையும் எழுதினார்.

அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. ஊசி போட வந்த நர்சிடம் சொன்னான். எக்ஸ்ரே எடுத்தவரிடம் சொன்னான். படுக்கைக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், அவர் ஒன்றுமே கேட்காமல், சொன்னான். கூட வந்த போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது, போதும் என்று அவனுக்குக் கை காட்டினேன்.

என் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "நீ கம்னு இரு" என்றாள். "அவன் சொல்லட்டும்."